குளிர்காலத்தில் கிறிஸ்டல் ரிவர்: முதன்முறை கயாக் ஏறுபவர்களுக்கு

ஃபுளோரிடாவில் என்ன குளிர்காலம் என்று சிகாகோ பக்கத்துச் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தாம்பாவிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம் காரில் போனால் கிறிஸ்டல் ரிவர் என்ற சிற்றூர் வரும். அங்கே கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) ஓட்ட ஜனவரியில் பல் கிட்டுகிற காலைதான் நல்ல நேரம், ஏனென்றால் மனாட்டிகள் அப்போதுதான் கூட்டமாக வந்து சேரும். நம் பாக் நீரிணை மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசுவுக்கு இது நெருங்கிய உறவு. ஆவுளியாவின் வால் இரண்டாகப் பிரிந்திருக்கும். மனாட்டியின் வால் தோசைத் திருப்பி மாதிரி அகலமாக, வட்டமாக இருக்கும்.

காலையில் கயாக், மதியத்துக்கு மேல் நடை. இதுவரை துடுப்பைத் தொடாதவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. நாளைப் பாருங்கள்

சனிக்கிழமை லீவு என்பதற்காக மட்டும் கிளம்பாதீர்கள். மனாட்டி 10 அடி நீளமும் ஏறக்குறைய 1,000 பவுண்டு எடையும் உள்ள பிராணி. இவ்வளவு பெரிய உடம்பில் குளிரைத் தடுக்கிற கொழுப்பு மிகவும் குறைவு. தண்ணீர் 68 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 20 செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் நோய்ப்பட்டுச் செத்தும் போகும். கிறிஸ்டல் ரிவரின் தலைப்பகுதியான கிங்ஸ் பேயில் சுண்ணாம்புப் பாறைக்கு அடியிலிருந்து பொங்கும் ஊற்றுகளோ வருடம் முழுக்க 72 டிகிரியிலேயே (22 செல்சியஸ்) இருக்கும். மெக்சிகோ வளைகுடாக் கடல் குளிரக் குளிர, மனாட்டிகள் இந்த ஊற்றுகளைத் தேடி வரும். நவம்பர் 15 முதல் மார்ச் 31 வரை இங்கே மனாட்டி சீசன்.

ஆகவே வானிலை அறிக்கையில் குளிர் அலை வருகிறதா என்று பாருங்கள். அலை வந்த அன்றே போனால் வடக்குக் காற்று உங்களைச் சுழற்றிவிடும். ஒரு நாள் விட்டுப் போங்கள், குளிர் இருக்கும், காற்று தணிந்திருக்கும். காற்று மணிக்கு 10 மைலுக்கு மேல் என்றால் புதியவர்கள் வேறு நாள் பார்ப்பது நல்லது. அப்புறம் கடல் நீர் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணை. நீர் ஏறியிருக்கும் காலையில் மனாட்டிகள் ஆழமற்ற ஊற்றுகளுக்குள்ளும் நுழையும்.

2. படகும் உடையும்

ஊரிலேயே வாடகைக்குக் கயாக் கிடைக்கும். மேலே உட்கார்ந்து ஓட்டும் திறந்த வகையைக் கேளுங்கள். கவிழ்ந்தாலும் உள்ளே மாட்டிக்கொள்ள வழியில்லை. இருவர் கயாக் வாடகையில் மலிவாகத் தெரியும். ஆனால் முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் ஒரே தாளத்தில் துடுப்புப் போட வேண்டும். புதுமணத் தம்பதிகள் யோசித்து எடுக்கவும்.

ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் படகில் இருக்க வேண்டும் என்பது சட்டம். நீச்சல் தெரிந்தாலும் காலடியில் போட்டு வைக்காமல் மாட்டிக்கொள்ளுங்கள். ஒரு விசிலும் வேண்டும். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டாம், நனைந்தால் காயாது, காற்றில் உடம்பு நடுங்கும். செயற்கை இழை உடை, அதற்கு மேல் காற்றுத் தடுக்கும் ஜாக்கெட், நனையலாம் என்கிற செருப்பு. மாற்றுத் துணியையும் போனையும் தண்ணீர் புகாத பையில் வைத்துப் படகோடு கட்டிவிடுங்கள்.

3. ஏறுவது, ஓட்டுவது, நிறுத்துவது

ஹன்டர் ஸ்பிரிங்ஸ் பூங்காவில் கயாக் இறக்க வசதி உண்டு. முழங்கால் ஆழத்தில் படகை நிறுத்தி, அதன் பக்கத்தில் நின்று, முதலில் இருக்கையில் உட்காருங்கள். கால்கள் பிறகு வரட்டும். நின்றபடியே ஒரு காலை உள்ளே வைத்தால் படகு ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம்.

துடுப்பைத் தலைமேல் வைத்துப் பாருங்கள். முழங்கைகள் செங்கோணத்தில் மடியும் இடம்தான் கைப்பிடி. கால் விரல்களுக்கு நேராகத் துடுப்பை நீரில் இறக்கி, இடுப்பு வந்ததும் எடுத்துவிடுங்கள். கையால் மட்டும் இழுத்தால் அரை மணியில் தோள் கழன்றுவிடும். இடுப்புக்கு மேலுள்ள உடம்பைத் திருப்பி இழுங்கள். திரும்புவதற்கு, திரும்ப வேண்டிய திசைக்கு எதிர்ப் பக்கத்தில் துடுப்பால் அகலமாக அரைவட்டம் போட வேண்டும். நிறுத்துவதற்கு இரண்டு பக்கமும் மாறி மாறிப் பின்னோக்கித் தள்ள வேண்டும்.

இந்தக் கடைசி வேலையைக் கரையோரமே பத்து நிமிடம் பழகுங்கள். பாடம் எடுப்பவர்கள் பலர் இதைக் கடைசியில் போகிற போக்கில் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த ஊரில் வேகமாக ஓட்டத் தெரிவதைவிடச் சட்டென்று நிற்கத் தெரிவதுதான் வேண்டும்.

4. மனாட்டி அருகில்

நீரின் மேல் எண்ணெய் பரவியது போல் வழுவழுப்பான வட்டங்கள் வரிசையாகத் தெரிந்தால், அடியில் மனாட்டி வாலை அடித்துக்கொண்டு போகிறது. நீந்தும்போது சில நிமிடங்களுக்கு ஒரு முறை மூச்சு விட மூக்கை நீட்டும். தூங்கும்போது 20 நிமிடம் வரை அடியிலேயே கிடக்கும். தண்ணீர் அமைதியாக இருக்கிறது என்று அதன் மேலேயே படகை விட்டுவிடாதீர்கள். வட்டம் தெரிந்ததும் துடுப்பை மடியில் வைத்து மிதந்தபடி இருங்கள்.

துரத்துவது, உணவு கொடுப்பது, தாய்க்கும் குட்டிக்கும் நடுவே போவது எல்லாம் குற்றம். 1972ஆம் ஆண்டு கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டமும் 1978ஆம் ஆண்டு ஃபுளோரிடா மனாட்டி சட்டமும் இருக்கின்றன. மிதவையும் கயிறும் கட்டிய பகுதிகள் மனாட்டிகளின் ஓய்விடங்கள். துடுப்புப் படகுக்கும் அங்கே அனுமதி இல்லை. சில நேரம் குட்டி ஒன்று தானாக வந்து கயாக்கின் அடியில் முதுகைச் சொறிந்துகொள்ளும். எழுந்து நிற்காமல், எட்டிப் பார்க்காமல் உட்கார்ந்திருங்கள். அது மிரண்டு வாலை வீசினால் படகு புரளும்.

புரண்டால் பதறாமல் படகைப் பிடித்து நிமிர்த்துங்கள். குறுக்கே வயிற்றால் ஏறிப் படுத்து, கால்களை உதைத்துப் புரண்டு உட்காருங்கள்.

5. இனி நடை

கிங்ஸ் பேயில் இருக்கும் த்ரீ சிஸ்டர்ஸ் ஊற்றுகளுக்குள் சீசனில் கயாக் விடமாட்டார்கள். அதற்காக வருத்தப்படத் தேவையில்லை. அங்கே ஊற்றைச் சுற்றிப் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். படகிலிருந்து பாதி மறைந்து தெரியும் மனாட்டிகளை மேலிருந்து கண்ணாடித் தண்ணீரில் முழுசாகப் பார்க்கலாம். கரையில் பாம்புத்தாரா சிறகு விரித்து வெயில் காய்வதையும் பார்க்கலாம்.

சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் தொல்லியல் மாநிலப் பூங்காவுக்கு வாருங்கள். இங்கே பூர்வகுடிகள் சிப்பியும் மண்ணும் கொட்டி எழுப்பிய ஆறு மேடுகள் இருக்கின்றன. பெரிய மேட்டுக்குப் படிக்கட்டு உண்டு. ஏறினால் காலையில் துடுப்புப் போட்ட ஆறு கடலை நோக்கிப் போவது தெரியும், உப்புச் சதுப்பின் மேல் விராலடிப்பான் சுற்றும். பூங்காவைச் சூரியன் மறையும்போது மூடிவிடுவார்கள். நீங்கள் அதற்கும் அரை மணி முன்பே கீழே இறங்கிவிடுங்கள், பொழுது சாயும்போது கண்ணுக்குத் தெரியாத பொடிப் பூச்சிகள் கழுத்தைப் பதம் பார்க்கும்.