க்யூவிலிருந்து தொடங்குங்கள்: ஆங்கிலச் சொல்வளம் சேர்க்க ஒரு குறுக்குவழி

ஆங்கிலச் சொல்வளத்தைக் கூட்ட வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் அகராதியை 'ஏ'யில் திறப்பார்கள், 'ஏ' முடிவதற்குள் ஆர்வம் முடிந்துவிடும். அவர்கள் மேல் தப்பில்லை, அந்த எழுத்தில் அவ்வளவு சொற்கள். என் யோசனை இதற்கு நேர் எதிர்: கூட்டம் குறைவாக இருக்கும் ஓர் எழுத்தைப் பிடியுங்கள், அதை முழுசாக முடியுங்கள், ஓர் எழுத்தை முடித்துவிட்டோம் என்ற தெம்போடு அடுத்ததுக்குப் போங்கள்.

ஆங்கிலத்தில் அரிதாக வரும் எழுத்துகள் என்றால் க்யூ, இசட், எக்ஸ், ஜே இந்த நான்கும்தான். எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் விளையாட்டை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் மதிப்பெண் போட்டார். அதில் க்யூவுக்கு ஒரே ஒரு கட்டை, மதிப்பெண் 10. இந்த நான்கில் எக்ஸில் தொடங்கும் சொற்களில் எக்ஸ்ரே, ஜெராக்ஸ், சைலோஃபோன் போன்ற சிலவற்றைத் தாண்டினால் மிச்சமெல்லாம் அறிவியல் கலைச்சொற்கள். இசட்டில் நல்ல சொற்கள் உண்டு, ஆனால் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும். க்யூ அப்படியில்லை. சொற்கள் குறைவு, அன்றாடம் புழங்குபவை நிறைய, அதைவிட முக்கியமாக அவற்றில் பெரும்பாலானவை நாலைந்து குடும்பங்களுக்குள் அடங்கிவிடும். ஆகவே க்யூ.

முதல் படி: தெரிந்ததை எழுதுங்கள்

அகராதியைத் தொடாதீர்கள். ஒரு நோட்டை எடுத்து உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த க்யூ சொற்களை எல்லாம் எழுதுங்கள். தமிழ் பேசும்போதே நாம் குவாலிட்டி, கோட்டா, குவாரி, குவார்ட்டர்ஸ், கொட்டேஷன், குவிண்டால், க்விஸ், கொஸ்டின் பேப்பர், குவாரன்டைன், ரேஷன் க்யூ என்று சரளமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். கொஞ்சம் யோசித்தால் பட்டியல் இன்னும் நீளும். இனி சேர்க்கப்போகும் ஒவ்வொரு புதுச் சொல்லையும் இந்தப் பழைய சொற்களில் ஒன்றோடு கட்டிவைக்கப் போகிறோம், அதனால் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள்.

இரண்டாம் படி: எழுத்துக்கூட்டலும் உச்சரிப்பும்

ஆங்கிலச் சொற்களில் க்யூவுக்குப் பின்னால் ஏறக்குறைய எப்போதும் யூ வரும். இது ஆதியிலிருந்து இருந்த வழக்கம் இல்லை. பழைய ஆங்கிலத்தில் குவீன், க்விக் போன்ற சொற்களை ஸி எழுத்தில் தொடங்கித்தான் எழுதினார்கள். 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு முறைப்படி எழுதப் பழகிய எழுத்தர்கள் அதை க்யூ, யூ என்று மாற்றிவிட்டார்கள்.

உச்சரிப்பில் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. தமிழில் 'குவா' என்று எழுதி எழுதி, க்விக் என்பதை 'கு-விக்' என்று இரண்டாக உடைத்துச் சொல்லிவிடுகிறோம். க் சொல்லும்போதே உதட்டைக் குவித்துவிடுங்கள், ஒரே அசையாக வந்துவிடும். விதிவிலக்குகளைத் தனியாக எழுதிவையுங்கள்: படகுத்துறையைக் குறிக்கும் சொல்லை க்யூ, யூ, ஏ, ஒய் என்று எழுதினாலும் 'கீ' என்றுதான் சொல்ல வேண்டும். யுனீக், டெக்னிக், ஆன்டீக் என்று பிரெஞ்சிலிருந்து வந்தவற்றின் கடைசியில் வெறும் க் ஒலிதான். ரொம்ப வேடிக்கையானது, வெல்வதைக் குறிக்கும் வினைச்சொல் 'காங்கர்', ஆனால் அதிலிருந்து வந்த பெயர்ச்சொல் 'காங்க்வெஸ்ட்'. இதற்குக் காரணம் தேடாமல் நாலு தடவை சத்தமாகச் சொல்லிப் பழகிவிடுங்கள்.

மூன்றாம் படி: குடும்பம் குடும்பமாகப் பிரியுங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். நோட்டில் ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம்.

முதல் குடும்பம் 'கேள், தேடு' என்று பொருள்படும் க்வைரெரே என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. க்வெஸ்சன் தெரியும். க்வெரி என்றால் சந்தேகம் கேட்பது. க்வெஸ்ட் என்றால் நெடுந்தேடல். இதோடு நிற்காது, முன்னால் ஒட்டுச் சேர்ந்து க்யூ நடுவில் போய் உட்கார்ந்த சொற்களும் இதே வீட்டுப் பிள்ளைகள்தான்: என்கொயர் விசாரிப்பது, ரிக்வெஸ்ட் வேண்டிக் கேட்பது, ரிக்வயர் தேவைப்படுவது, அக்வயர் தேடி அடைவது, இன்க்வெஸ்ட் மரணம் பற்றிய விசாரணை. மிக நேர்த்தியானது என்று பொருள்படும் எக்ஸ்க்விசிட்டும் இதில் சேர்ந்ததே, தேடித் தேடிப் பொறுக்கியெடுத்தது என்பதுதான் அதன் அடிப்பொருள். க்யூவில் தொடங்கும் மூன்று சொற்களைப் படிக்கப் போய் எட்டு ஒன்பது சொற்கள் கையில் வந்துவிட்டன, கவனித்தீர்களா? இந்த முறையில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

இரண்டாவது 'நான்கு' குடும்பம். குவார்ட்டர் கால் பங்கு, க்வார்டெட் நால்வர் குழு, க்வாட்ரிலேட்டரல் நாற்கரம், க்வாட்ருபெட் நாலுகால் விலங்கு, க்வாட்ருபிள் நான்கு மடங்கு. கல் குவாரியும் இங்கேதான் வரும், கல்லைச் சதுரமாக வெட்டியெடுத்த இடம் என்பதால். ஸ்க்வேர் என்ற சொல்லுக்கு உள்ளேயும் இதே நான்குதான் ஒளிந்திருக்கிறது. நாலோடு உறவுள்ள இன்னொன்று குவாரன்டைன், வெனிஸில் கப்பல்களை நாற்பது நாள் ஒதுக்கிவைத்ததால், நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். அதற்கு முன் 1377-ல் ரகூசா நகரம், அதாவது இன்றைய குரோஷியாவின் துப்ரோவ்னிக், இதே மாதிரி விதித்தபோது முப்பது நாள்தான். அது நாற்பதாக ஆகாமலே போயிருந்தால் இந்தச் சொல் க்யூ பட்டியலிலேயே வந்திருக்காது.

மூன்றாவது 'எத்தனை, எவ்வளவு, எத்தகைய' என்று கேட்கிற குடும்பம். குவாலிட்டி எத்தகையது, குவாண்டிட்டி எவ்வளவு. கோட்டா, கணக்கில் ஈவைக் குறிக்கும் கோஷன்ட், கோட் மூன்றும் 'எத்தனை'யின் பிள்ளைகள். கோட் என்பது முதலில் நூலில் அத்தியாயங்களுக்கு எண் போடுவதைக் குறித்தது, அப்புறம் அந்த இடத்தை மேற்கோள் காட்டுவது, அப்புறம் விலை சொல்வது. மேற்கோளுக்கும் விலைப்பட்டியலுக்கும் ஏன் ஒரே கொட்டேஷன் என்று குழம்பியவர்களுக்கு விடை இது.

நான்காவது, 'ஐந்து' குடும்பம் சின்னது, க்வின்டெட் ஐவர் குழு, க்வின்டுப்லெட் ஒரே பிரசவத்தில் ஐவர், அவ்வளவுதான். லத்தீனே இல்லாத சுத்த ஆங்கிலச் சொற்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: குவீன், க்விக், க்வெல், க்வெஞ்ச், க்வேக். க்விக் என்றால் முதலில் உயிருள்ள என்று பொருள், அதனால்தான் ஓடிக்கொண்டே இருக்கும் பாதரசத்துக்கு க்விக்சில்வர் என்று பெயர்.

ஒரு எச்சரிக்கை. பார்த்தால் ஒன்றுபோல் இருப்பவை எல்லாம் சொந்தக்காரர்கள் இல்லை. க்வின்டெட்டைப் பார்த்துவிட்டு குவிண்டாலில் ஐந்து இருக்கிறதென்று நினைக்காதீர்கள், அது அரபு வழியாக வந்த, நூறோடு தொடர்புள்ள எடைச்சொல். க்வெருலஸ் என்றால் கேள்வி கேட்கிறவர் இல்லை, எதற்கெடுத்தாலும் குறைசொல்லிப் புலம்புகிறவர். சண்டையைக் குறிக்கும் க்வாரெல்தான் அதற்கு உறவு. சந்தேகம் வந்தால் அகராதியில் சொல்லின் பிறப்பைப் பாருங்கள், ஒரு வரிதான் இருக்கும்.

நான்காம் படி: க்வயட், க்வைட், க்விட்

இந்த மூன்றையும் குழப்பாதவர் அபூர்வம், எனவே தனிப் படி. அமைதியைக் குறிக்கும் க்வயட் இரண்டு அசை, எழுத்து க்யூ, யூ, ஐ, இ, டி. 'ஓரளவு, முழுக்க' என்று பொருள் தரும் க்வைட் ஒரே அசை, எழுத்து க்யூ, யூ, ஐ, டி, இ. கடைசி இரண்டு எழுத்து இடம் மாறியதுதான் வித்தியாசம், இரண்டும் நல்ல சொற்கள் என்பதால் கணினியின் எழுத்துப்பிழை திருத்தியும் பல சமயம் கண்டுகொள்ளாது. விட்டுவிடுவதைக் குறிக்கும் க்விட்டில் கடைசி இ கிடையாது. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதிப் பாருங்கள், இரண்டு அசையாக ஒலித்தால் இ என்ற எழுத்து டிக்கு முன்னால் வரும்.

க்வைட்டின் பொருளிலும் ஒரு கண் இருக்கட்டும். 'க்வைட் குட்' என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால் பெரும்பாலும் 'பரவாயில்லை' என்ற அளவில்தான், அமெரிக்கர் சொன்னால் 'ரொம்ப நன்றாக'. 'க்வைட் இம்பாசிபிள்' என்றால் இருவருக்குமே 'முற்றிலும் முடியாது'. 'க்வைட் எ ஃப்யூ' என்றால் கொஞ்சம் இல்லை, நிறைய! இப்படிப்பட்ட தொடர்களைத் தனித்தனிச் சொல்லாகப் பிரிக்காமல் தொடராகவே எழுதிவையுங்கள்.

ஐந்தாம் படி: துணைச்சொல்லோடு சேர்த்து எழுதுங்கள்

வெறும் பொருள் தெரிந்தால் படிக்கத்தான் உதவும், பேசவும் எழுதவும் அந்தச் சொல் யாரோடு சேரும் என்று தெரிய வேண்டும். க்வெஞ்ச் என்றால் தாகத்தையோ தீயையோ தணிப்பது, க்வெல் என்றால் கலவரத்தையோ பயத்தையோ அடக்குவது, இரண்டையும் மாற்றிப் போட்டால் கேட்கிறவருக்கு உறுத்தும். 'க்விட் ஸ்மோக்கிங்' சரி, 'க்விட் டு ஸ்மோக்' தப்பு. நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுவது ரிக்வெஸ்ட்டில். 'ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' என்று விண்ணப்பத்தில் எழுதாதீர்கள், வினையாக வரும்போது ஃபார் வேண்டாம், 'ஐ ரிக்வெஸ்ட் லீவ்' போதும். பெயர்ச்சொல்லாக வந்தால்தான் 'எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்'.

ஒவ்வொரு சொல்லுக்கும் உங்கள் வேலை, உங்கள் வீடு சம்பந்தமாக ஒரு சொந்த வாக்கியம் எழுதுங்கள். அகராதி வாக்கியத்தைக் காப்பியடித்தால் மறந்துபோகும், உங்கள் மேலாளரைப் பற்றிப் புலம்பி எழுதியது மறக்காது.

ஆறாம் படி: மறப்பதற்கு முன் திரும்பப் பாருங்கள்

படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே வைத்துச் சோதித்து 1885-லேயே எழுதிவிட்டார், முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. ஆகவே மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, வாரம் கழித்து ஒருமுறை. பக்கத்தை வெறுமனே வாசிக்காதீர்கள், சொல்லைக் கையால் மூடிக்கொண்டு பொருளை மட்டும் பார்த்துச் சொல்லை வரவழையுங்கள். வராதவற்றுக்கு மட்டும் பென்சிலில் புள்ளி வையுங்கள், அடுத்த முறை புள்ளி உள்ளவற்றைப் பார்த்தால் போதும். ஒரு நாளைக்கு ஐந்து புதுச் சொல்லுக்கு மேல் வேண்டாம்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் அகராதியின் க்யூ பகுதி. கற்பவர்களுக்கென்று வரும் அகராதிகள் சிலவற்றில், அதிகம் புழங்கும் சொற்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரமோ சாவியோ போட்டிருப்பார்கள், முதலில் அவற்றை மட்டும் பாருங்கள். நடக்காத லட்சியத்தின் பின்னால் ஓடுவதைச் சொல்லும் க்விக்ஸாடிக் மாதிரி அலங்காரச் சொற்களை ஒரு கடைசிப் பக்கத்தில் போட்டுவையுங்கள், எங்காவது படிக்கும்போது வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த எழுத்து ஜே. அங்கே நீதி, சட்டம் சார்ந்த குடும்பம் ஒன்று காத்திருக்கிறது, ஜட்ஜ், ஜூரி, ஜஸ்டிஸ், ஜூரிஸ்டிக்‌ஷன் என்று. சேர்வது தொடர்பாக ஜாயின், ஜாயின்ட், ஜங்ஷன் என்று இன்னொன்று. அதற்குப் பிறகு இசட். எக்ஸைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு ஒரு சாயங்காலம் போதும்.