எஸ்.பி.எம். மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்து இடைநிலைப்பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு, மாலை வேளைகளில் கோயில் மண்டபத்தில் கணிதம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். மலேசியக் கல்விச் சான்றிதழ் தேர்வான எஸ்.பி.எம்.-க்கு இட்டுச்செல்லும் இரண்டு ஆண்டுகளில் முதலாவதான படிவம் 4-இல் பிள்ளை காலடி வைத்ததும் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஐயா, புதன்கிழமை புறப்பாடத்தை விட்டுவிட்டு டியூஷனுக்கு அனுப்பலாமா?" அனுப்பக் கூடாது என்பதே என் பதில்.

அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடம் கேட்டு யு.பி.யு. என்ற மாணவர் சேர்க்கை முறை வழியாக விண்ணப்பிக்கும்போது, கணக்கிடப்படும் 100 புள்ளிகளில் 90 கல்வித் தேர்ச்சிக்கும் 10 புறப்பாட நடவடிக்கைக்கும் உரியவை. ஒரே துறைக்கு ஒத்த தேர்ச்சியுடைய பலர் போட்டியிடும்போது அந்தப் பத்துதான் ஒருவரை முன்னே தள்ளுகிறது. சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு என்ற மூன்றிலும் மாணவரின் வருகை, வகித்த பொறுப்பு, பள்ளியிலிருந்து தேசிய நிலை வரையில் பங்கேற்ற அளவு, பெற்ற வெற்றி ஆகியவை ஆண்டுதோறும் பி.ஏ.ஜே.எஸ்.கே. என்ற உடற்கல்வி, விளையாட்டு, புறப்பாட மதிப்பீட்டில் பதிவாகின்றன. ஆகவே படிவம் 4-இல் கைவிட்டதைப் படிவம் 5-இன் கடைசி மாதங்களில் ஓடிப்பிடிக்க முடியாது. இவற்றுள் வருகைக்குத் தனித் திறமை எதுவும் தேவையில்லை. அதைக்கூட இழப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

தோட்டத்துப் பிள்ளைகள் புறப்பாடத்துக்கு வராமலிருப்பதைச் சோம்பல் என்று சொல்லிவிடவும் முடியாது. பள்ளிப் பேருந்து பிற்பகலில் புறப்பட்டுவிடுகிறது. பயிற்சி முடியும் நேரத்தில் தோட்டத்துக்குள் செல்ல வேறு வண்டி இல்லை. ஒரே லயத்தை (தோட்ட வீட்டு வரிசையை) சேர்ந்த நான்கு குடும்பங்கள் புதன்கிழமைக்கு மட்டும் ஒரு வேனைப் பேசி, கூலியைப் பகிர்ந்துகொண்டு, தங்கள் பிள்ளைகளை ஒரே சீருடை இயக்கத்தில் சேர்த்ததை நான் பார்த்திருக்கிறேன். இந்த ஏற்பாட்டை ஆண்டின் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறு, கண்ணில் பட்ட எல்லாவற்றிலும் பெயர் கொடுப்பது. மாணவர் தலைவர், வலைப்பந்து, தமிழ்மொழிக் கழகச் செயலாளர், பேச்சுப்போட்டி, செம்பிறைச் சங்கம் என்று ஓடிய ஒரு மாணவி, முன்னோட்டத் தேர்வில் கூடுதல் கணிதத் தாளில் பாதியைத் தொடாமலேயே கொடுத்துவிட்டு வந்தாள். சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு மூன்றிலும் ஒழுங்காக வருகை தந்து, ஏதேனும் ஒன்றில் மட்டும் மாவட்டம், மாநிலம் என்று மேலே செல்ல முயல்வதே போதுமானது. அந்த ஒன்று பேச்சு சார்ந்ததாக இருந்தால் தேர்வுக்கும் உதவும், ஏனெனில் எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் வாசிப்பு, எழுத்து ஆகியவற்றோடு பேச்சுக்கும் கேட்டலுக்கும் தனித்தனித் தாள்கள் உள்ளன.

தேர்வைப் பொறுத்தவரை, படிவம் 4-ஐ 'ஹனிமூன் ஆண்டு' என்று பிள்ளைகள் அழைப்பதை நான் அறவே வெறுக்கிறேன். எஸ்.பி.எம். வினாக்கள் இரண்டு ஆண்டுப் பாடங்களிலிருந்தும் வருகின்றன. மேலும், அறிவியல் பாடங்களுக்கு மட்டும் டியூஷன் தேடிக்கொண்டு வரலாற்றையும் மலாய்மொழியையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்குவது ஆபத்தானது. மலாய்மொழியோடு வரலாறும் 2013 முதல் கட்டாயத் தேர்ச்சிப் பாடமாக இருப்பதால், மற்ற பாடங்களில் ஏ எடுத்தாலும் இவற்றில் ஒன்றில் தவறினால் சான்றிதழே கிடைக்காது. 'ஏ' எண்ணிக்கை குறைந்துவிடும் என்று அஞ்சித் தமிழை விடுவோரும் இருக்கிறார்கள். குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் பள்ளியில் தமிழ் கற்பிக்க 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வழிசெய்திருக்கிறது என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

நான் மிகுதியாகக் காண்பதும், திருத்துவதற்கு மிகக் கடினமானதும், டியூஷனையே படிப்பென்று எண்ணும் தவறுதான். வாரத்தில் நான்கு இரவுகள் வகுப்புக்குச் செல்லும் ஒரு மாணவனின் கணிதப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். நீல மையில் அடித்தல் திருத்தலின்றிப் படிப்படியான விடைகள். ஒவ்வொன்றின் அடியிலும் அளவுகோல் வைத்து இழுத்த சிவப்புக் கோடு. அதே கணக்கை ஒரு வெற்றுத் தாளில் எழுதிக் கொடுத்தபோது இரண்டாவது வரியிலேயே அவன் பேனா நின்றுவிட்டது. அவன் எழுதியிருந்த அத்தனையும் வெண்பலகையைப் பார்த்து எழுதியவை. அவனுக்கு நான்கு இரவுகளை இரண்டாகக் குறைத்தோம். மீந்த இரவுகளில் ஒன்றில் கடிகாரத்தை எதிரே வைத்துக் கடந்த ஆண்டு வினாத்தாளைத் தனியாகச் செய்யச் சொன்னேன். கணிதம் இரண்டாம் தாளுக்கு இரண்டரை மணி நேரம் என்றால் வீட்டிலும் அதே இரண்டரை மணி நேரம், இடையில் கைப்பேசி கிடையாது. தவறிய கணக்குகளை மட்டும் வேறொரு புத்தகத்தில் எழுதி, ஒரு வாரம் கழித்து மறுபடி செய்ய வேண்டும். மற்றோர் இரவு உறக்கத்துக்கு என்று விட்டோம். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து பேருந்துக்கு நிற்கும் பிள்ளை நள்ளிரவு வரை விழித்திருந்து படித்தால், முதல் இரண்டு பாடவேளைகளும் மண்டையில் ஏறுவதில்லை.

கடைசியாகச் சொல்வது சிறிய தவறுதான், ஆனால் கைக்கு வந்த புள்ளியைப் பறித்துவிடும். சிலம்பத்தில் மாவட்ட நிலைச் சான்றிதழ் பெற்ற ஒரு மாணவன் அதைப் பிளாஸ்டிக் கோப்பில் பத்திரமாக வைத்திருந்தான். பொறுப்பாசிரியரிடம் நகல் கொடுக்கவே இல்லை. பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு உட்காரும்போதுதான் அது பதிவில் இல்லை என்பது தெரிய வந்தது. சான்றிதழ் கைக்கு வந்த வாரத்திலேயே நகலை ஒப்படைத்து, ஆண்டு முடிவதற்குள் தன் பெயரில் என்ன பதிவாகியிருக்கிறது என்பதை ஆசிரியரிடம் கேட்டு ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.