ஜாஸ், ரிதம் அண்ட் புளூஸ் நினைவு நாள்களைத் தொகுப்பது எப்படி

ஜாஸ், ரிதம் அண்ட் புளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின இசை வகைகளின் வரலாற்றுக்கு ஒரு நினைவு நாள் நாட்காட்டி தயாரிக்க விரும்புபவர், ஒவ்வொரு தேதிக்கும் எதிரே அது எதைக் குறிக்கிறது என்பதை முதலில் எழுதிவிட வேண்டும். பிறப்பா, ஒலிப்பதிவா, இசைத்தட்டு வெளியீடா என்று பிரிக்காமல் வெறும் ஆண்டை மட்டும் குறித்துக்கொண்டால், ஐம்பதாம் ஆண்டையும் நூற்றாண்டையும் கணக்கிடும்போது தடுமாற நேரும்.

ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' என்ற இசைத்தட்டு இதற்கு நல்ல உதாரணம். நியூயார்க்கில் 30ஆம் தெருவில் இருந்த கொலம்பியா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில், 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டு நாள்களில் பதிவான அந்த இசைத்தட்டு, ஆகஸ்ட் 17 அன்றுதான் வெளிவந்தது. அதிலுள்ள 'ஸோ வாட்' முதல் நாளிலும் 'ஆல் புளூஸ்' இரண்டாம் நாளிலும் வாசிக்கப்பட்டவை. ஆக, ஒரே இசைத்தட்டுக்கு மூன்று நாள்கள். இவற்றுள் ஒன்றைத்தான் எடுக்க வேண்டுமென்றால் ஒலிப்பதிவு நாளையே நான் எடுப்பேன், ஏனெனில் ஜாஸில் இசையின் பெரும்பகுதி வாசிக்கும் அந்த வேளையிலேயே உருவாகிறது.

பிறந்த நாள்களில் இன்னும் கவனம் தேவை. ஜாஸ் ட்ரம்பெட் கலைஞரும் பாடகருமான லூயி ஆம்ஸ்ட்ராங் தாம் 1900 ஜூலை 4 அன்று பிறந்ததாகவே வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தார். அவர் 1971இல் மறைந்த பிறகு, 1980களில், நியூ ஆர்லியன்ஸ் தேவாலயம் ஒன்றின் ஞானஸ்நானப் பதிவேட்டில் 1901 ஆகஸ்ட் 4 என்ற தேதி கண்டெடுக்கப்பட்டது. இத்தகைய இடங்களில் ஆவணத் தேதியைப் பதிந்து, கலைஞர் கூறிய தேதியைக் குறிப்பாகச் சேர்ப்பதே முறை. அமெரிக்க விடுதலை நாளைத் தம் பிறந்த நாளாக அவர் கொண்டாடியதும் வரலாறுதானே.

'முதல்' என்ற சொல்லை அளந்தே பயன்படுத்த வேண்டும். ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் என்ற வெள்ளையர் குழு 1917 பிப்ரவரி 26 அன்று விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காக வாசித்ததை முதல் ஜாஸ் ஒலிப்பதிவு என்பார்கள். அதை ஜாஸ் பிறந்த நாள் என்று எழுதிவிட்டால், அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே நியூ ஆர்லியன்ஸில் வாசித்து வந்த கறுப்பினக் கலைஞர்களை நாட்காட்டியிலிருந்து அழித்ததாகிவிடும்.

ரிதம் அண்ட் புளூஸுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அமெரிக்க இசை வணிக இதழான பில்போர்டு, கறுப்பின இசைத்தட்டுகளின் பட்டியலுக்கு இட்டிருந்த 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்ற தலைப்பைக் கைவிட்டு இந்தப் பெயரைச் சூட்டியது 1949 ஜூன் 25 தேதியிட்ட இதழில். அது பெயர் மாறிய நாளே தவிர, இசை தோன்றிய நாள் அன்று. பாடலாசிரியர் பெர்ரி கார்டி தம் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி டெட்ராய்ட்டில் டாம்லா என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கிய 1959 ஜனவரி 12ஐ, அது பின்னர் வளர்ந்து உருவான மோடவுன் நிறுவனத்தின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம்.

தொகுத்தவற்றை ஆண்டு வரிசையில் அடுக்காமல் மாதம், நாள் வரிசையில் அடுக்க வேண்டும். செப்டம்பர் 23க்கு மட்டும் கூடுதல் இடம் ஒதுக்குவது நல்லது: 1926இல் ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனும், 1930இல் ரிதம் அண்ட் புளூஸ் பாடகர் ரே சார்லஸும் பிறந்தது அதே நாளில்தான்.