கைவைக்கும் முன்: பழைய போர் விமானங்களை மீட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1947 பிப்ரவரி 21 அன்று ‘கீ பேர்ட்’ என்ற அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானம் வழி தவறியது. எரிபொருள் தீரும் தறுவாயில், வட கிரீன்லாந்தில் உறைந்து கிடந்த ஓர் ஏரியின் மீது இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் அனைவரும் மீட்கப்பட்டார்கள். விமானம் அங்கேயே விடப்பட்டது. குளிரும் வறண்ட காற்றும் அதை ஏறக்குறைய அப்படியே காத்து வைத்திருந்தன. 1994இல் ஒரு குழு அங்கே போய்ச் சேர்ந்தது. வேறு என்ஜின்கள், புரொப்பல்லர்கள், டயர்கள் எல்லாம் பொருத்தி, அங்கிருந்தே அதைப் பறக்கவைத்துக் கொண்டுவருவது திட்டம். கடும் குளிரில் மாதக்கணக்கில் உழைத்தார்கள். குழுவின் தலைமை மெக்கானிக் நோய்வாய்ப்பட்டு இறந்தே போனார். 1995 மே மாதம் விமானம் தன் சொந்த என்ஜின்களின் பலத்தில் பனிமீது ஊர்ந்தபோது, வால்பகுதியில் ஓடிக்கொண்டிருந்த துணை மின்னாக்கியின் மீது பெட்ரோல் கசிந்து தீப்பற்றியது. விமானத்தின் உடல் எரிந்து சரிந்தது.

நாற்பத்தேழு ஆண்டுகள் யாரும் தொடாமல் கிடந்த விமானம் அது. அந்தக் குழுவின் துணிவையும் திறமையையும் நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கைவிடப்பட்ட போர் விமானங்களின் கதைகளைத் தொடர்ந்து படித்துவரும்போது எனக்கு மீண்டும் மீண்டும் தென்படுவது இதுதான்: மழையும் வெயிலும் மெல்ல மெல்லச் செய்யும் சேதத்தைவிட, அன்போடு வந்தவர்கள் அவசரத்தில் செய்துவிடும் சேதம் பெரியதாக இருக்கிறது. அதிலும் முதல் சில வாரங்களில் நேர்வதுதான் அதிகம்.

எதற்காக மீட்கிறோம் என்பதை முடிவு செய்யாமலே தொடங்குவது

மீண்டும் பறக்கவைப்பது, புதிதுபோல் ஆக்கிக் காட்சிக்கு வைப்பது, கிடைத்த நிலையிலேயே நிறுத்திப் பாதுகாப்பது ஆகிய மூன்றும் வெவ்வேறு வேலைகள். பறக்கவேண்டும் என்றால், களைத்துப்போன பழைய உலோகத்தில் பெரும்பகுதியைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டே ஆகவேண்டும். காட்சிக்கு என்றால் பழைய உலோகம் பலமில்லாமல் இருந்தாலும் வைத்துக்கொள்ளலாம். பாதி வேலை முடிந்தபின் மனம் மாறினால், கழற்றி எறிந்தது திரும்பி வராது.

நார்வேயின் இரண்டு ஏரிகளில் மூழ்கிக் கிடந்த இரண்டு ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, 1942 ஏப்ரலில் ‘டிர்பிட்ஸ்’ என்ற ஜெர்மன் போர்க்கப்பலைத் தாக்கப்போய் அடிபட்டு, ஹோக்லிங்கன் ஏரிப் பனியில் இறங்கி மூழ்கியது. 1973இல் வெளியே எடுத்தார்கள். லண்டனில் ஹென்டன் பகுதியிலுள்ள பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தில் அது ஏரியிலிருந்து வந்த கோலத்திலேயே, கிழிந்த தகடுகளோடு நிற்கிறது. மற்றொன்று 1995இல் மியோசா ஏரியிலிருந்து எடுக்கப்பட்டது. கனடாவின் ட்ரென்டன் நகரில் பத்து ஆண்டுகள் உழைத்து அதை முழு விமானமாகவே மீண்டும் எழுப்பிவிட்டார்கள். எது சரி என்று கேட்டால் இரண்டுமே சரி என்பேன். என் மனம் ஹென்டனின் பக்கம் சற்றுச் சாயும் என்பதையும் மறைக்கவில்லை.

பறக்கவைப்பதில் இன்னொரு கணக்கும் உண்டு. லிபியாவில் பிரிட்டிஷ் தரப்பிடம் சிக்கிய ‘பிளாக் 6’ என்ற ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தைத் தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் உழைத்துச் சீர்ப்படுத்தி 1991இல் பறக்கவிட்டார்கள். அருங்காட்சியகத்துக்கு ஓய்வாக அனுப்பவிருந்த நேரத்தில், 1997 அக்டோபரில் இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் அது விபத்தில் சிக்கியது. மறுபடியும் பழுதுபார்த்துக் காட்சிக்கு மட்டும் என்று நிறுத்தினார்கள். இந்த அபாயத்தை முன்கூட்டியே எடைபோட்டுப் பார்த்து ஏற்றுக்கொள்வது வேறு. ஒருநாள் உற்சாகத்தில் ‘பறக்கவிடுவோம்’ என்று கிளம்புவது வேறு.

தார்ப்பாயால் மூடிவிட்டால் போதும் என்று நினைப்பது

வெட்டவெளியில் கிடக்கும் விமானத்தைக் கண்டதும் பலரும் முதலில் செய்வது இது. பிளாஸ்டிக் தார்ப்பாய்க்கு அடியில் ஈரம் வெளியேற வழியில்லாமல் தங்கிவிடுகிறது. பகலில் ஆவியாகி இரவில் தகட்டின் மீதே மீண்டும் நீராகப் படிகிறது. காற்றில் பாய் அடித்துக்கொள்ளும்போது இடையில் சிக்கிய மணல், விமானி அறையின் அக்ரிலிக் மூடியைத் தேய்த்து மங்கலாக்கிவிடுகிறது. பாயை விட, பக்கங்கள் திறந்த ஒரு கூரை எத்தனையோ மேல்.

கூரைக்கும் வழியில்லையென்றால், செலவில்லாத வேலைகள் இருக்கின்றன. விமானத்தின் அடிப்பகுதியில் நீர் வடிவதற்கென்றே சிறு துளைகள் இருக்கும். இலை, மண், பறவைக்கூடு எல்லாம் அவற்றை அடைத்துக்கொண்டிருக்கும். குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். பறவைகள் நுழையும் இடங்களை வலையால் மூடுங்கள், ஏனென்றால் எச்சம் அலுமினியத்தை அரிக்கும். வாலிலும் இறக்கையிலும் அசையும் பாகங்களைக் கட்டிவையுங்கள். காற்றில் அடித்துக்கொண்டே இருந்தால் கீல்கள் தேய்ந்துவிடும். எடையை டயர்களிலிருந்து எடுத்துத் தாங்கிகளின் மீது வையுங்கள். அந்தத் தாங்கிகள் உட்சட்டங்களுக்கும் இறக்கையின் முதுகெலும்பான நடுவிட்டத்துக்கும் நேர் கீழே இருக்கவேண்டும். வெறும் தகட்டின் கீழே வைத்தால் அது உள்ளே குழிந்துவிடும்.

பளபளப்பின் மீதான ஆசை

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று பேசவேண்டும். நல்ல நோக்கத்தோடு இவ்வளவு கெடுதல் நடக்கும் இடம் வேறொன்று இல்லை.

விமானத் தகடு வெறும் அலுமினியம் அல்ல. செம்பு கலந்த அலுமினியக் கலவை. பலம் மிகுதி, ஆனால் எளிதில் அரிபடும். அதனால்தான் அதன் இரு பக்கமும் தூய அலுமினியத்தை மெல்லிய போர்வைபோல் ஒட்டித் தகடு செய்தார்கள். ஆல்கிளாட் என்று பெயர். தகட்டின் மொத்தத் தடிமனில் சில சதவீதமே வரும் அந்தப் போர்வைதான் உள்ளே இருக்கும் கலவையைக் காக்கிறது. கண்ணாடிபோல் மின்னவேண்டும் என்று ஒவ்வொரு முறை மெருகு போடும்போதும் அதில் கொஞ்சம் தேய்ந்து போகிறது. சில ஆண்டுகளில் போர்வை முழுவதும் போய், உள்ளிருக்கும் கலவை வெளியே வந்துவிடும். பிறகு அரிப்பைத் தடுக்க எதுவும் இல்லை.

இரும்புக் கம்பித் தூரிகையும் எஃகு நார்க் கம்பளியும் இன்னும் மோசம். அவற்றிலிருந்து உதிரும் இரும்புத் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்துகொள்கின்றன. இரண்டு வெவ்வேறு உலோகங்கள், நடுவே ஈரம். அந்த இடத்தில் ஒரு சிறு மின்கலமே உருவாகிவிடுகிறது. அதில் தன்னைத் தின்னக் கொடுப்பது அலுமினியம்தான். மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்வது ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துத் தரும் என்பது உண்மை. ஆனால் மெல்லிய தகடு அலையலையாய் வளைந்துவிடும். ரிவெட் தலைகள் தேயும். தொழிற்சாலையில் அடித்த முத்திரைகள், வரிசை எண்கள், ஆய்வாளர் குறிகள் எல்லாம் அழிந்துபோகும்.

மென்மையான நைலான் தூரிகை, காரமும் அமிலமும் இல்லாத சோப்புக் கரைசல், நல்ல நீர், பிறகு முழுமையாக உலரவைத்தல். தொடக்கத்தில் இவ்வளவே போதும். அலுமினியத்தில் வெண்பொடி பூத்திருந்தால் அது மேற்பரப்பில் மட்டும் இருக்கிறதா, அல்லது உலோகமே புத்தகத் தாள்போல் அடுக்கடுக்காய்ப் பிரிகிறதா என்று பாருங்கள். பிரிகிறதென்றால் அது சுத்தம் செய்து தீர்க்கும் காரியமல்ல. அனுபவம் உள்ள பாதுகாப்பு வல்லுநரை அழைக்கவேண்டிய நேரம்.

பழைய வண்ணத்தின் மேல் புது வண்ணம்

வண்ணப்பூச்சு ஓர் ஆவணம். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான ஃபோக்கே-வுல்ஃப் 190 என்ற ஜெர்மன் விமானத்தை 1980களின் தொடக்கத்தில் சீரமைத்தபோது, மேல்பூச்சுகளை ஒவ்வோர் அடுக்காக நீக்கிப் பார்த்தார்கள். தாக்குதல் விமானமான எஃப்-8 என்று அறியப்பட்ட அது, முதலில் ஏ-7 என்ற சண்டை விமானமாகப் பிறந்து பின்னர் மாற்றிக் கட்டப்பட்டது என்பது தெரியவந்தது. ‘மெம்பிஸ் பெல்’ என்ற புகழ்பெற்ற அமெரிக்க பி-17 குண்டுவீச்சு விமானத்தின் வண்ணத்தை நீக்கியபோது, 1943இல் போர்க்கடன் பத்திரம் விற்க அது நாடு சுற்றியபோது மக்கள் தகட்டில் கீறிவைத்த பெயர்கள் அடியில் இருந்தன. இவற்றையெல்லாம் முதல் நாளே தேய்த்துத் தள்ளியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

ஆகவே, வண்ணத்தைத் தொடுவதற்கு முன் முழு விமானத்தையும் அளவுகோல் வைத்துப் புகைப்படம் எடுங்கள். ஓரிரு இடங்களில் சிறு பரப்பை மட்டும் அடுக்கடுக்காகத் திறந்து பாருங்கள். அசல் வண்ணம் ஓரளவு எஞ்சியிருந்தாலும் அப்படியே விட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து. மங்கிய அசலைப் பார்ப்பவர் முன் நிற்கவைக்கலாம். மறைந்த அசலை யாராலும் திரும்ப எழுதமுடியாது.

‘சுற்றுகிறதா பார்ப்போம்’

பழைய விமானத்தைக் கண்ட எவருக்கும் புரொப்பல்லரைப் பிடித்துச் சுற்றிப் பார்க்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். நட்சத்திரம்போல் சிலிண்டர்கள் விரிந்திருக்கும் ரேடியல் என்ஜின்களில், ஆண்டுக்கணக்கில் எண்ணெய் கீழே வடிந்து அடிச் சிலிண்டர்களில் தேங்கியிருக்கும். காற்று அமுங்கும்; எண்ணெய் அமுங்காது. பலமாகச் சுற்றினால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். துருப்பிடித்து ஒட்டிக்கொண்ட பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். முதலில் கீழ்ச் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி எண்ணெயை வடியவிடுங்கள். சிறு குழாய் கேமராவை உள்ளே விட்டுப் பாருங்கள். ஊடுருவும் எண்ணெய் ஊற்றி வாரக்கணக்கில் ஊறவிடுங்கள். பறக்கப் போவதில்லை என்றால் என்ஜினைச் சுற்றவேண்டிய தேவையே இல்லை. உள்ளே காப்பு எண்ணெய் தெளித்து, ஈரம் உறிஞ்சும் அடைப்பான்களைப் போட்டு மூடிவிடலாம்.

உயிருக்கு ஆபத்தானவை

மீட்கப்படும் விமானத்தில் ஆயுதம் எதுவும் இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று எண்ணுவது மிகக் கொடிய தவறு. ஜெட் விமானங்களில் விமானியோடு சேர்ந்து வெளியே பாயும் எஜெக்‌ஷன் இருக்கைகளுக்குள் வெடிப்பொதிகள் இருக்கும். மூடியைக் கழற்றி எறியும் அமைப்பிலும் அப்படியே. பல பத்தாண்டுகள் ஆனாலும் அவை வெடிக்கக்கூடும். பயிற்சி பெற்ற படைக்கல வல்லுநர் செயலிழக்கச் செய்து, எழுத்தில் உறுதி தரும்வரை அந்த இருக்கையில் யாரும் உட்காரக்கூடாது; குழந்தைகளை உட்காரவைத்துப் படம் எடுப்பது கூடவே கூடாது.

பழைய மானிகளின் எண்கள் இருட்டில் ஒளிர ரேடியம் பூசியிருப்பார்கள். இப்போது ஒளிரவில்லை என்றால் கெட்டுப்போனது ஒளிர்பொருள் மட்டுமே. ரேடியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 1600 ஆண்டுகள். மானியின் கண்ணாடியைத் திறந்தால் அந்தப் பூச்சு பொடியாகி மூச்சோடு உள்ளே போகும். மஞ்சள் கலந்த பச்சையாகத் தெரியும் உட்பூச்சு துத்தநாகக் குரோமேட். உலர்ந்த நிலையில் தேய்த்தால் வரும் தூசி புற்றுநோய் உண்டாக்கும். பிரேக் பட்டைகளிலும் என்ஜின் அருகிலுள்ள காப்புகளிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். ஆக்சிஜன் உருளைகளிலும் ஹைட்ராலிக் அமைப்பிலும் அழுத்தம் இன்னும் அடைபட்டிருக்கலாம்.

வெட்டி எடுத்துச் செல்வது

லாரியில் ஏறாது என்பதற்காக இறக்கையை அறுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இறக்கைகள் கழற்றுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. பெரும்பாலான விமானங்களில் சில போல்ட்டுகளும் இணைப்பு முனைகளுமே அவற்றைப் பிடித்திருக்கின்றன. இறுகிக் கிடக்கும் போல்ட் வெளிவர மூன்று நாளாகலாம். நடுவிட்டத்தை அறுக்க மூன்று நிமிடம் போதும். பிறகு அந்த விமானம் ஒருபோதும் பழைய பலத்தோடு நிற்காது. கழற்றும் ஒவ்வொரு பாகத்துக்கும் எண்ணிட்ட அட்டை கட்டுங்கள்; எங்கிருந்து, எந்தப் பக்கம், எந்த வரிசையில் என்று அன்றே எழுதுங்கள். புதிதாகச் செய்து போடும் பாகத்தின் மறைவான இடத்தில் ஆண்டையும் ‘புதியது’ என்பதையும் பொறித்துவிடுங்கள். ஐம்பது ஆண்டு கழித்து ஆராய வருபவர் எது அசல் என்று ஏமாறக்கூடாது.

கடலிலிருந்து எடுப்பது தனி உலகம். உப்பு உலோகத்துக்குள் ஊறியிருக்கும். வெளியே எடுத்து வெயிலில் உலரவைத்தால் அரிப்பு வெறிகொண்டு பரவும். மக்னீசியம் பாகங்கள் முன்பே கரைந்து போயிருக்கும். 2013 ஜூனில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டு அருகே கடலடியிலிருந்து டோர்னியர் 17 விமானம் தூக்கப்பட்டபோது, அதை வைக்கவேண்டிய நீள்கூடாரங்கள் கோஸ்ஃபோர்ட் அருங்காட்சியகத்தில் முன்கூட்டியே தயாராக இருந்தன. மென்மையான சிட்ரிக் அமிலக் கரைசலைத் தெளித்துத் தெளித்து உப்பையும் கடற்படிவையும் நீக்கினார்கள். வைக்க இடமும் கழுவ ஏற்பாடும் இல்லாமல் கடலிலிருந்து எடுப்பதைவிட, அங்கேயே விட்டுவைப்பது மேல்.

உரிமையைக் கேட்காமல் தொடுவதும் உண்டு. பிரிட்டனில் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, விழுந்து நொறுங்கிய எந்தப் படை விமானத்தையும் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். மூழ்கிய அமெரிக்கப் படை விமானங்கள் எத்தனை ஆண்டு ஆனாலும் அந்நாட்டு அரசுக்கே சொந்தம் என்று 2004இல் சட்டம் வந்தது. சிதைவில் மனித எலும்பு கண்ணில் பட்டால் அந்த நொடியே வேலையை நிறுத்தி அதிகாரிகளுக்குச் சொல்லவேண்டும். யாரோ ஒருவரின் குடும்பம் அவருக்காக இன்னும் காத்திருக்கக்கூடும்.

காலத்தைக் குறைத்துக் கணக்கிடுவது

‘இரண்டு ஆண்டில் முடித்துவிடுவோம்’ என்று அறிவித்துப் பணம் திரட்டி, ஐந்தாம் ஆண்டில் பாகங்கள் சிதறிக் கிடக்க ஆட்கள் கலைந்துபோன கதைகள் ஏராளம். பிரித்துப் போட்ட விமானம் முழுதாய் நின்றிருந்த விமானத்தைவிட விரைவில் அழிகிறது. ஆகவே ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் பிரிக்காதீர்கள். ஒரு பகுதியை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். ஸ்மித்சோனியனில், ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீசிய ‘எனோலா கே’ பி-29ஐச் சீரமைக்கும் பணி 1984இல் தொடங்கியது. அதற்குச் செலவானது ஏறத்தாழ மூன்று லட்சம் மணி நேர உழைப்பு. மெம்பிஸ் பெல் பல பத்தாண்டுகள் மெம்பிஸ் நகரில் வெட்டவெளியில் நின்றது. நினைவுப்பொருள் தேடி வந்தவர்கள் உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றிக்கொண்டு போனார்கள். 2005இல் டேட்டனில் உள்ள அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகத்துக்கு அது வந்து சேர்ந்தது. பொதுமக்கள் முன் திரை விலகியது 2018 மே 17 அன்று, அதன் குழு இருபத்தைந்தாவது தாக்குதலை முடித்துத் திரும்பி எழுபத்தைந்து ஆண்டுகள் நிறைந்த அதே நாளில். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலும் அந்த விமானம் பணிமனைக்குள்தான் இருந்தது.