மடிப்பு ஸ்டூல்: இரண்டு அட்டை, பன்னிரண்டு மடிப்பு

ஒரு தாளை நிமிர்த்தி நிறுத்தினால் துவண்டு விழும். அதையே விசிறி மாதிரி மடித்து நிறுத்தினால் ஒரு புத்தகத்தைத் தாங்கும். இந்த ஸ்டூலின் கால் முழுக்க அந்த விசிறி மடிப்புதான். மேலிருந்து பார்த்தால் ஆறு முனை நட்சத்திரம். 1963-இல் பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் பீட்டர் மர்டாக் வடிவமைத்த குழந்தை நாற்காலியும் இப்படித்தான்: தட்டை அட்டையாக வரும், வாங்கியவர் மடித்துக்கொள்வார்.

தேவை: 7 மி.மீ. தடிமனுள்ள 5 பிளை (ஐந்து அடுக்கு) நெளிவட்டை, அதாவது நடுவே நெளிநெளியான தாள் வைத்த பெட்டி அட்டை, 95×42 செ.மீ. அளவில் 2; 12 மி.மீ. பிளைவுட் வட்டம், விட்டம் 44 செ.மீ.; பருத்தி நாடா 130 செ.மீ.; வெள்ளைப் பசை.

அட்டைக்குள் இருக்கும் நெளிகள் 42 செ.மீ. பக்கமாக, நின்றவாக்கில் ஓட வேண்டும். படுத்தவாக்கில் ஓடினால் ஆள் உட்கார்ந்ததும் நசுங்கிவிடும். இரண்டு அட்டைகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தே வெட்டுங்கள். உயரம் ஒரு மி.மீ. மாறினாலும் ஸ்டூல் ஆடும்.

இடது ஓரத்திலிருந்து 15, 30, 45, 60, 75, 90 செ.மீ.யில் கோடு போடுங்கள். மீதி 5 செ.மீ. ஒட்டும் மடல். 15, 45, 75 வெளிமுனைகள். 30, 60, 90 உள்முனைகள்.

பலரும் கோட்டை விடுவது அடுத்த படியில். தாளுக்குத் தடிமன் இல்லை என்றே எண்ணி மடிக்கலாம், அட்டையில் அது நடக்காது. உள்முனை சுமார் 90 பாகைதான் திரும்புகிறது, ஒரு கோடு போதும். வெளிமுனையோ 150 பாகை திரும்புகிறது. அங்கே ஒற்றைக் கோட்டில் மடித்தால் வெளித்தாள் இழுபட்டு 'சர்ர்' என்று கிழியும். அதனால் அங்கே மட்டும் 8 மி.மீ. இடைவெளியில் இரட்டைக் கோடு. 15, 45, 75 அந்த இரண்டுக்கும் நடுவில் வர வேண்டும். மடிந்து உள்ளே போகும் முகத்தில்தான் அழுத்த வேண்டும். ஆக, வெளிமுனைகளை ஒரு பக்கமும், அட்டையைப் புரட்டி உள்முனைகளை மறுபக்கமும் அழுத்துங்கள்.

அழுத்துவதற்கு மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவும் ஸ்டீல் ஸ்கேலும் போல வேறில்லை. கட்டரால் பாதி வெட்டி மடிக்கவே கூடாது. அறுந்த தாள் எதையும் தாங்காது. நெளிக்கு இணையாக அழுத்துவதால் பேனா முனை பக்கத்துப் பள்ளத்தில் வழுக்கும். முதலில் மெதுவாக இரண்டு தடவை, பிறகு பலமாக ஒரு தடவை.

ஒவ்வொரு அட்டையின் மடலையும் மற்றதன் முதல் பலகத்தில், உள்பக்கமாக ஒட்டுங்கள். எதிரெதிரான இரண்டு வெளிமுனைகளில் மட்டும் மடித்துத் தட்டையாகப் படுக்கவைத்து, நடுவே வேண்டாத தாளைச் செருகி, ஓர் இரவு எடை ஏற்றுங்கள். பசை மெல்லிசாக இருக்கட்டும், ஈரம் கூடினால் அட்டை உப்பும். சூட்டுப்பசை வேண்டாம்: அழுத்துவதற்குள் இறுகி மேடு தட்டும்.

காய்ந்ததும் நட்சத்திரமாக மடியுங்கள். பக்கத்துப் பக்கத்து முனைகளுக்கிடையே 21 செ.மீ. இருக்க வேண்டும். தரையிலிருந்து 3 செ.மீ. உயரத்தில் நாடாவை முனைக்கு முனை நேராக இழுத்து ஒட்டுங்கள்; சுற்று 126, ஒன்றன்மேல் ஒன்று படிய 4. நாடா இல்லாவிட்டால் எடை ஏறும்போது கால் விரிந்துகொண்டே போகும். பிறகு கவிழ்த்து, மேல்விளிம்பில் பசை தடவி பிளைவுட்டின் நடுவில் நிறுத்துங்கள்.

பின்சேர்க்கை: ஈரத்தரையில் அடிவிளிம்பு இரண்டே நாளில் ஊறிவிடும். நாடா ஒட்டுவதற்கு முன்பே அடிவிளிம்பில் இரண்டு கை வார்னிஷ் அடித்துவிடுங்கள். உட்காரத்தான் இது, ஏறி நிற்க வேண்டாம்.