உறுப்பினர் புரொஃபைலில் கட்டம் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊர்ச் சங்கமோ, பழைய மாணவர் குழுவோ, ரத்ததானக் குழுவோ, வாட்ஸ்அப்பில் ஆரம்பித்து ஆள் பெருகியதும் தனக்கென்று ஒரு வலைத்தளம் போட்டுக்கொள்வது கடலூர், புதுச்சேரிப் பக்கம் இப்போது புதிதில்லை. தளம் தயாரானதும் நிர்வாகிகள் உட்கார்ந்து உறுப்பினர் புரொஃபைலில் என்னென்ன கேட்கலாம் என்று பட்டியல் போடுவார்கள். பொருளாளர் ஒன்று சொல்வார், செயலாளர் ஒன்று சொல்வார், இன்னொருவர் "கல்யாண நாளையும் போடுங்க, வாழ்த்து அனுப்பலாம்" என்பார், அரை மணி நேரத்தில் பட்டியல் 25 கட்டத்தை, அதாவது உறுப்பினர் விவரம் நிரப்பும் 25 இடத்தை, தாண்டியிருக்கும். கட்டம் சேர்ப்பது சுலபம். பட்டிபிரஸ், டிஸ்கோர்ஸ், ட்ரூபல் என்று தளம் எந்த மென்பொருளில் நடந்தாலும் நாலு கிளிக்கில் முடிந்துவிடும். பிறகு அதைத் திருத்துவதுதான் பெரும்பாடு, ஏனென்றால் அதற்குள் நூற்றுக்கணக்கான பேர் அதில் எதையாவது நிரப்பியிருப்பார்கள்.

அதனால் சேர்ப்பதற்கு முன்பே ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: இந்தப் பதிலை யார், எப்போது, எதற்காகத் தேடப் போகிறார்? சொல்லத் தெரியவில்லை என்றால் அந்தக் கட்டம் வேண்டாம். ரத்ததானக் குழுவுக்கு ஒருவருடைய சாதி எதற்கு? பழைய மாணவர் குழுவுக்கு எல்லாருடைய பான் எண்ணும் எதற்கு? நன்கொடை ரசீதுக்கு வேண்டுமென்றால் நன்கொடை தருபவரிடம் அந்த நேரத்தில் கேட்டுக்கொள்ளலாமே. "இருக்கட்டும், பின்னாடி உதவும்" என்று சேர்த்த கட்டத்தைப் பின்னாடி யாரும் திறந்து பார்ப்பதில்லை.

அடுத்தது, எல்லாவற்றையும் கட்டாயம் ஆக்குவது. சிவப்பு நட்சத்திரம் போட்டுவிட்டால் உண்மையான பதில் வந்துவிடும் என்று நினைக்கிறோம், வருவது வெறும் புள்ளியும் கோடும் "இல்லை"யும்தான். பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருக்கும், இரண்டாவது போன் எண் பத்து ஒன்பதாக இருக்கும். காலிக் கட்டம் காலி என்று கண்ணுக்குத் தெரியும், அந்த ஆளிடம் கேட்டு வாங்கிவிடலாம். பொய்யாக நிரப்பிய கட்டம் நிஜம் போலவே உட்கார்ந்திருக்கும், அவசரத்துக்கு அதை நம்பி போன் போடும்போதுதான் தெரியும். சேரும்போது பெயர், மொபைல் எண், இருக்கும் பகுதி, இந்த மூன்றும் போதும். மற்றதையெல்லாம் உள்ளே வந்தபிறகு அவரவர் வசதிப்படி நிரப்பட்டும்.

பெயர்க் கட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் முட்டிக்கொண்டு நிற்பது அங்கேதான். பல மென்பொருள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டத்தோடு வருகிறது, பெரும்பாலும் இரண்டுமே கட்டாயம். நம்மிடம் இருப்பது பெயரும் இனிஷியலும். அந்த இனிஷியல் அப்பா பெயரின் முதலெழுத்து, சிலருக்கு அம்மா பெயரின் எழுத்தும் சேர்ந்தது, கல்யாணத்துக்குப் பிறகு அதை மாற்றிக்கொண்ட பெண்களும் உண்டு, மாற்றாதவர்களும் உண்டு. இனிஷியலைக் கடைசிப் பெயர்க் கட்டத்தில் போட்டால் "குறைந்தது 2 எழுத்து வேண்டும்" என்று சிவப்பில் திட்டும். உடனே ஒருவர் அப்பாவின் முழுப் பெயரைப் போடுவார், ஒருவர் தன் பெயரையே மறுபடி போடுவார், ஒருவர் படிப்புப் பட்டத்தைப் போடுவார். அப்புறம் உறுப்பினர் பட்டியலை அகரவரிசைப்படுத்தினால் பாதிப் பேர் தங்கள் அப்பா பெயரில் வந்து நிற்பார்கள்.

அதற்காக ஒரே கட்டம் வைத்து, இனிஷியல் கட்டாயம் என்று விதி போட்டாலும் புதுச்சேரியில் சரிவராது. பிரெஞ்சு ஆட்சியில் 1881-ல் வந்த ஓர் ஆணையின்படி, தங்கள் தனிநபர் சட்டத்தை (கல்யாணம், வாரிசுரிமை போன்றவற்றில் தங்கள் சமூகத்துக்கு இருந்த சட்டத்தை) துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் போனவர்கள் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய வாரிசுகள் இன்றும் அந்தக் குடும்பப் பெயரோடுதான் இருக்கிறார்கள், சிலர் புதுச்சேரியில், பலர் பிரான்சில். அவர்கள் பெயரில் மேலே கோடு போட்ட பிரெஞ்சு எழுத்துகளும் இடையில் சிறு கோடும் வரலாம், 'ஆங்கில எழுத்து மட்டும்' என்ற விதி அதைத் தள்ளிவிடும். என் சிபாரிசு: "பெயர் (நீங்கள் எழுதும் விதத்தில்)" என்று ஒரே கட்டம், பக்கத்தில் "இனிஷியல் அல்லது குடும்பப் பெயர்" என்று கட்டாயமில்லாத இன்னொன்று. மென்பொருள் இரண்டு கட்டத்தை விடவே மாட்டேன் என்றால், இரண்டாவதன் தலைப்பை மட்டுமாவது இப்படி மாற்றி, கட்டாயத்தையும் குறைந்தபட்ச எழுத்துக் கணக்கையும் எடுத்துவிடுங்கள்.

தமிழில் எழுத விடுகிறோம் என்று சொல்லிவிட்டுத் தமிழுக்குக் கதவை அடைக்கும் தளங்களும் இருக்கின்றன. கவிதா என்ற பெயர் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொதுத் தரமான யூனிகோட் கணக்கில் அது க, வ, இகரக் குறி, த, துணைக்கால் என்று 5 குறிகள். 'எழுத்துகள் மட்டும்' என்று சோதனை வைத்தால் க, வ, த மூன்றும் தேறும், இகரக் குறியும் துணைக்காலும் தேறாது, யூனிகோட் அவற்றை எழுத்து வகையில் வைக்கவில்லை, தனியாகக் குறி வகையில் வைத்திருக்கிறது. தளம் செய்து தருபவரிடம் இரண்டு வகையையும் அனுமதிக்கச் சொல்லுங்கள். நீள வரம்பும் இதே போலத்தான். திருப்பாதிரிப்புலியூர் என்பது 11 எழுத்து, ஆனால் 22 குறி. 20-க்கு மேல் ஏற்காத கட்டத்தில் அது கடைசி 'ர்' இல்லாமல் 'திருப்பாதிரிப்புலியூ' என்று நின்றுவிடும். சேமிப்பது பைட் (கணினிச் சேமிப்பு அளவு) கணக்கில் என்றால் இன்னும் மோசம், யூனிகோடைச் சேமிக்கும் வழக்கமான முறையான யூ.டி.எஃப்.-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், ஆக இந்த ஒரு பெயருக்கே 66.

தேடலில் ஒரு சிக்கல் வரும், பலருக்குக் காரணம் பிடிபடாது. கோண்டூர் என்று எழுதும்போது 'கோ'வில் வரும் ஓகாரக் குறி ஒரே குறியாகவும் பதிவாகலாம், இரட்டைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்த இரண்டு குறியாகவும் பதிவாகலாம், அது எங்கிருந்து தட்டினோம், எங்கிருந்து ஒட்டினோம் என்பதைப் பொறுத்தது. திரையில் இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம்கூடத் தெரியாது. ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்.எஃப்.சி. என்ற, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால் இது தீரும், புரோகிராமருக்கு ஒரு வரி வேலை.

சரி, ஊர். எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது, அடுத்த சில நாளில் தென்பெண்ணை பெருகிக் கடலூரின் ஆற்றங்கரைப் பகுதிகளில் தண்ணீர் புகுந்தது. அப்படி ஒரு நாளில் "இந்தப் பகுதியில் நம் உறுப்பினர் யார் யார்?" என்று தேடினால் உடனே பட்டியல் வர வேண்டும். பகுதியை அவரவர் இஷ்டத்துக்கு எழுதவிட்டால் வராது. ஒருவர் முதுநகர் என்பார், ஒருவர் ஓ.டி. என்பார், ஒருவர் ஓல்டு டவுன் என்பார், மூன்றும் ஒரே இடம். திருப்பாதிரிப்புலியூரை முழுசாக எழுதுகிறவர்களும் திருப்பாப்புலியூர் என்று எழுதுகிறவர்களும் கலந்திருப்பார்கள். இதற்கு டிராப்டவுன், அதாவது பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் கட்டம்தான் சரி: மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், வண்டிப்பாளையம், செம்மண்டலம், தேவனாம்பட்டினம், புதுச்சேரிப் பக்கம் லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை, அரியாங்குப்பம், வில்லியனூர் என்று ஊர் ஆட்களை வைத்துக்கொண்டே பட்டியல் போடுங்கள், கடைசியில் 'மற்றவை' என்று ஒன்றும், அதைத் தேர்ந்தெடுத்தால் எழுத ஒரு கட்டமும் இருக்கட்டும். 'மற்றவை'யில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அதைப் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

பின்கோடைப் போட்டால் மாநிலம் தானாக நிரம்பும்படி செய்வது பார்க்க அழகாக இருக்கும், நம் பகுதியில் அது தவறாகப் போகும். புதுச்சேரி மாநிலம் ஒரே துண்டாக இல்லை, தமிழ்நாட்டு ஊர்களோடு பின்னிக்கொண்டு கிடக்கிறது. பாகூர் பின்கோடு 607402, கடலூரின் 607 வரிசையில்தான் வருகிறது, ஊர் இருப்பதோ புதுச்சேரியில். விழுப்புரம் 605602, புதுச்சேரியின் 605 வரிசை, ஊர் தமிழ்நாடு. முதல் மூன்று இலக்கத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யும் மென்பொருள் பாகூர்க்காரரைத் தமிழ்நாட்டில் சேர்த்துவிடும். மாநிலத்தையும் மாவட்டத்தையும் உறுப்பினரே தேர்ந்தெடுக்கட்டும். மாவட்டப் பட்டியலில் காரைக்காலோடு நிறுத்திவிடாதீர்கள், கேரளக் கரையில் இருக்கும் மாஹேயும் ஆந்திரப் பக்கம் இருக்கும் ஏனாமும் புதுச்சேரி மாவட்டங்கள்தான்.

இப்போது இருக்கும் ஊரையும் சொந்த ஊரையும் ஒரே கட்டத்தில் கேட்காதீர்கள். துபாயில் இருக்கும் பண்ருட்டிக்காரர் அதில் எதை எழுதுவார்? சொந்த ஊரை எழுதும் கட்டமாகவே விடலாம், மாவட்டம் கேட்க வேண்டியதில்லை. 1993-ல் பிரிவதற்கு முன் கடலூர், விழுப்புரம் பக்கமெல்லாம் தென்னாற்காடு மாவட்டம், பெரியவர்கள் பலர் சான்றிதழில் இருப்பதைத்தான் இன்றும் எழுதுவார்கள்.

மொபைல் எண் 10 இலக்கம் என்று பூட்டிவிடுவதும் இங்கே ஒத்துவராது. முன்னால் 0 போடுகிறவர், +91 போடுகிறவர், பிரான்சிலிருந்து +33 போட்டு 9 இலக்கம் எழுதுகிறவர், எல்லாருமே உறுப்பினர்கள்தான். நாட்டுக் குறியீட்டைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வையுங்கள், இடைவெளியையும் கோட்டையும் மென்பொருளே நீக்கிக்கொள்ளட்டும்.

ரத்த வகைக்கு டிராப்டவுன் தவிர வேறு எதுவும் வேண்டாம். எட்டு வகையோடு 'தெரியாது' என்று ஒன்பதாவதாக ஒன்றையும் சேருங்கள், இதைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் தெரியாதவர் ஓ பாசிட்டிவ் என்று ஊகமாகப் போட்டுவிட்டுப் போய்விடுவார். ரத்த வங்கியில் எப்படியும் பரிசோதிப்பார்கள், ஆனால் நடுராத்திரியில் அவரைத் தேடி அழைத்துக்கொண்டு போனவர்களின் நேரம் போனது போனதுதான். "ரத்தம் தரத் தயாரா?" என்று ஆம், இல்லை கேட்பதைவிடக் கடைசியாகத் தந்த தேதியைக் கேளுங்கள். ஆண்கள் 3 மாத இடைவெளியிலும் பெண்கள் 4 மாத இடைவெளியிலும் தரலாம் என்பதால் அந்தத் தேதியை வைத்தே இன்று யாரைக் கூப்பிடலாம் என்று தளம் பிரித்துக் காட்டிவிடும்.

வயதை எண்ணாக வாங்காதீர்கள், அடுத்த வருடமே அது தப்பு. பிறந்தநாள் வாழ்த்துக்குத்தான் என்றால் நாளும் மாதமும் போதும், வருடம் வேண்டாம். பாலினத்தில் திருநங்கை, திருநம்பி, சொல்ல விரும்பவில்லை என்பவையும் இருக்கட்டும்.

ஆதார் எண்ணைக் கேட்கவே கேட்காதீர்கள். தனியார் அமைப்புகள் ஆதாரைக் கேட்க வழிவிட்ட பிரிவை உச்ச நீதிமன்றம் 2018-லேயே செல்லாது என்றுவிட்டது, சங்கத்தின் தளத்தில் அந்த 12 இலக்கத்தைச் சேர்த்து வைப்பதால் திருடனுக்குத்தான் லாபம். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொன்ன நோக்கத்துக்குத் தேவையானதை மட்டும் சம்மதத்தோடு வாங்கச் சொல்கிறது, 18 வயது நிறையாதவர் என்றால் பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய சம்மதம் வேண்டும் என்கிறது, பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் இடம் வைத்திருக்கிறது.

கேட்பதைவிடப் பெரிய தவறு, கேட்டதை ஊருக்கெல்லாம் காட்டுவது. பல மென்பொருளில் புதுக் கட்டம் சேர்த்தால் அது தானாகவே 'எல்லாருக்கும் தெரியும்' என்ற நிலையில்தான் இருக்கும். ஒரு பெண் உறுப்பினரின் போன் எண்ணும் தெருப் பெயரும் கூகுள் தேடலில் வந்து விழுந்தால், கண்ட நேரத்தில் வரும் அழைப்புக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பட்டிபிரஸ்ஸில் ஒவ்வொரு கட்டத்துக்கும் யார் பார்க்கலாம் என்று தனித்தனியாக வைக்கலாம்: எல்லாரும், உறுப்பினர்கள் மட்டும், நண்பர்கள் மட்டும், நான் மட்டும். போன், முகவரி, பிறந்தநாள் மூன்றையும் 'உறுப்பினர்கள் மட்டும்' அல்லது அதற்கும் கீழே வைத்துவிட்டு, இன்னும் இறுக்கிக்கொள்ளும் உரிமையை அவரவரிடம் கொடுங்கள். வைத்தபின் லாகின் செய்யாமல் வெளியிலிருந்து ஒரு புரொஃபைலைத் திறந்து பாருங்கள், செட்டிங்ஸில் பார்த்தது மட்டும் போதாது.

தளம் ஓட ஆரம்பித்த பிறகு செய்யும் தவறுகள் தனி ரகம். 'தொழில்' என்ற கட்டம் யாருக்கும் பயன்படவில்லை என்று அதன் தலைப்பை மட்டும் 'படிப்பு' என்று மாற்றுவார்கள், பழைய பதில்கள் அப்படியே இருக்கும், படிப்பு என்ற இடத்தில் 'மளிகைக் கடை' என்று காட்டும். வேறு கேள்வி என்றால் புதுக் கட்டம்தான். டிராப்டவுனில் இருக்கும் பெயரை மாற்றுவதும் இப்படித்தான். பாண்டிச்சேரி 2006-ல் அதிகாரப்பூர்வமாகப் புதுச்சேரி ஆனது, பழைய பட்டியலைத் திருத்துவது நியாயமே, ஆனால் தேர்ந்தெடுத்த சொல்லையே அப்படியே சேமிக்கும் மென்பொருளில் முன்பு பாண்டிச்சேரி என்று தேர்ந்தெடுத்தவர்கள் எல்லாரும் பட்டியலில் இல்லாத ஊர்க்காரர்களாகத் தொங்குவார்கள். பழைய பதிவுகளையும் கூடவே மாற்ற வேண்டும். ட்ரூபல் மாதிரி சிலவற்றில் விவரம் சேர்ந்த பிறகு கட்டத்தின் வகையையே மாற்ற முடியாது. பட்டிபிரஸ்ஸில் கட்டத்தை அழித்தால் அதில் எல்லாரும் எழுதியதும் சேர்ந்து போகலாம். ஆகவே கைவைக்கும் முன் முழு உறுப்பினர் விவரத்தையும் இறக்கி ஒரு பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள், அழிப்பதற்குப் பதில் முதலில் மறைத்து வைத்துக் கொஞ்ச நாள் பாருங்கள்.

ஃபார்மை வெளியே விடும் முன், நிர்வாகக் குழுவில் இல்லாத ஒரு பெரியவரிடம் அவருடைய போனையே கொடுத்து, தமிழ்க் கீபோர்டில் நிரப்பச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். எதுவும் சொல்லிக்கொடுக்காதீர்கள். அவர் "இதுல என்ன தம்பி போடணும்?" என்று கேட்கிற கட்டங்களை எல்லாம் குறித்துக்கொண்டு தலைப்பை மாற்றுங்கள். பிறகு வருடத்துக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் செப்டம்பர் வாக்கில், "உங்கள் போன் எண்ணும் பகுதியும் இன்னும் அதேதானா?" என்று எல்லாருக்கும் ஒரு செய்தி அனுப்பி, ஒரே கிளிக்கில் 'ஆம், அதேதான்' என்று சொல்ல வழி வையுங்கள்.