டேட் கட்டளை: நேரத்தைப் பார்க்கும்போதும் மாற்றும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸில் 'டேட்' என்று தட்டினால் நேரம் தெரியும். அதே சொல்லுக்குப் பின்னால் எட்டு இலக்கங்களைச் சேர்த்துத் தட்டினால் நேரம் மாறிவிடும். பார்க்கவும் மாற்றவும் ஒரே கட்டளைதான். ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள நிர்வாகியாக) உள்ளே இருந்தால், 'நிச்சயமாக மாற்றவா?' என்று ஒரு வார்த்தை கேட்காது. நாம் தவறாகக் கொடுத்தாலும் பெரும்பாலான நேரம் பிழைச்செய்தி வராது. பார்வைக்குச் சரியாகத் தெரியும் வேறொரு நேரம் வந்து நிற்கும். இந்தக் கட்டளையில் ஏற்படும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு குணத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

(கட்டளைகளையும் எழுத்துகளையும் இங்கே உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம். திரையில் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா என்பது முக்கியமான இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறோம்.)

ஒத்திகை பார்க்காமல் மாற்றுவது

லினக்ஸில் நாம் பெரும்பாலும் பயன்படுத்துவது க்னூ திட்டம் எழுதிய டேட், அதாவது க்னூ டேட். அதில் -எஸ் (சின்ன எழுத்து) என்றால் மாற்று, -டி (சின்ன எழுத்து) என்றால் காட்டு மட்டும். இரண்டும் தேதியைப் புரிந்துகொள்வது ஒரே விதிப்படிதான். ஆகவே எதை -எஸ் உடன் கொடுக்கப் போகிறோமோ அதை முதலில் -டி உடன் கொடுத்துப் பாருங்கள். வருகிற விடை நாம் நினைத்த நேரம்தானா என்று பார்த்துவிட்டு, மேல் அம்புக்குறியை அழுத்தி, டி-யை எஸ் ஆக்கினால் போதும். பத்து விநாடி வேலை. அடுத்து வரும் தவறுகளில் பாதி இந்த இடத்திலேயே பிடிபட்டுவிடும்.

உதாரணத்துக்கு 05/03/2025 என்று கொடுக்கிறீர்கள். நமக்கு அது மார்ச் 5. க்னூ டேட்டுக்கு மே 3, ஏனென்றால் சாய்கோடு போட்டால் அது அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் எடுத்துக்கொள்ளும். 13/03/2025 என்று கொடுத்தால் பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் 'தவறான தேதி' என்று மறுத்துவிடும். அதாவது மாதத்தின் 13ஆம் தேதியிலிருந்து தவறு தானே வெளியே தெரியும். முதல் 12 நாட்களில் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். சாய்கோட்டை மறந்துவிடுங்கள். 2025-03-05 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதுங்கள். அதில் குழப்பத்துக்கே இடமில்லை.

இதே இடத்தில் இன்னொரு குழி உண்டு. தேதி மட்டும் தவறாக இருக்கிறது, மணி சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டேட் -எஸ் "2025-03-05" என்று தட்டினால் தேதி மாறும். கூடவே மணி நள்ளிரவு 00:00:00 ஆகிவிடும். கொடுக்காத மணியை அது பழையபடி விட்டுவைக்காது, பூஜ்யமாக்கும். ஆகவே எப்போதும் தேதியையும் மணியையும் சேர்த்தே கொடுங்கள்: "2025-03-05 14:30:00". பிற்பகலுக்கு வெறும் 02:30 போடாதீர்கள். 24 மணிக் கணக்கில் அது அதிகாலை.

ஸ்கிரிப்டில் (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பில்) இது இன்னும் மோசமாகும். வேறு இடத்திலிருந்து நேரத்தை வாங்கி ஒரு மாறியில் வைத்து, அதை -எஸ் உடன் கொடுக்கும் ஸ்கிரிப்டுகள் நிறைய உண்டு. நெட்வொர்க் கிடைக்காமல் அந்த மாறி வெறுமையாக இருந்தால் என்ன ஆகும்? வெற்றுச் சரத்தை க்னூ டேட் 'இன்றைய நாளின் தொடக்கம்' என்று எடுத்துக்கொள்ளும். பிழை வராது. கணினி நள்ளிரவுக்குப் போய்விடும். மாறி வெறுமையா என்று சோதித்த பிறகே டேட்டிடம் கொடுக்க வேண்டும்.

சாதாரணப் பயனராக இருந்து மாற்ற முயன்றால் அனுமதி இல்லை என்று ஒரு வரி வரும். அதற்குக் கீழே நாம் கேட்ட புதிய நேரத்தையும் டேட் அச்சிடும்! அந்தக் கடைசி வரியை மட்டும் பார்ப்பவர் வேலை முடிந்தது என்று போய்விடுவார். மாற்றிய பிறகு எந்தச் சேர்க்கையும் இல்லாமல் தனியாக ஒருமுறை டேட் தட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

வெறும் இலக்கங்களாகக் கொடுப்பதையும் விட்டுவிடுவது நல்லது. லினக்ஸில் வரிசை மாதம், நாள், மணி, நிமிடம், கடைசியில் ஆண்டு. ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தில் ஆண்டு முன்னால் வரும். 0305101225 என்ற பத்து இலக்கம் லினக்ஸில் 2025 மார்ச் 5, காலை 10:12. அதையே ஃப்ரீபிஎஸ்டியில் தட்டினால் 2003 மே 10, பகல் 12:25. இரண்டு இடத்திலும் அது செல்லுபடியாகும் தேதி என்பதால் இரண்டு கணினியும் மறுப்புச் சொல்லாது. ஃப்ரீபிஎஸ்டியிலும் மேக்கிலும் மாற்றாமல் காட்ட மட்டும் சொல்வது -ஜே.

நேர மண்டலத்தை விட்டுவிட்டு முள்ளைத் திருப்புவது

மற்ற எல்லாவற்றையும்விட அதிக சேதம் செய்வது இதுதான். வாடகை சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் நம் கைக்கு வரும். நம் ஊரில் பிற்பகல் 2:30; சர்வர் 09:00 என்று காட்டுகிறது. 'ஐந்தரை மணி பின்தங்கியிருக்கிறதே' என்று டேட் -எஸ் "14:30" கொடுத்துவிடுகிறார்கள். திரையில் 14:30 தெரிகிறது, மனதுக்கு நிம்மதி. ஆனால் அந்த வரியில் 14:30-க்குப் பக்கத்திலேயே யுடிசி என்று இருப்பதைப் பார்ப்பதில்லை. யுடிசி 14:30 என்றால் இந்தியாவில் இரவு 8 மணி. சர்வர் இப்போது 19,800 விநாடி எதிர்காலத்தில் இருக்கிறது.

கர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) உள்ளே வைத்திருப்பது 1970 ஜனவரி 1 முதல் எண்ணும் விநாடிக் கணக்கு ஒன்று மட்டுமே. மண்டலம் என்பது அதைத் திரையில் காட்டும்போது பூசும் பூச்சு. சர்வர் சொன்ன 09:00-இல் தவறே இல்லை. காட்டிய விதம் மட்டும்தான் நமக்குப் பழக்கமில்லாதது. விநாடிக் கணக்கைக் குலைத்துவிட்டால், 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் ஓடிபி செயலிகளின் எண்ணை சர்வர் ஏற்காது. இயல்பாக 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசத்தைப் பொறுக்காத கெர்பரோஸ் என்ற அடையாளச் சோதனை முறை உள்நுழைவை மறுக்கும். மின்னஞ்சல்கள் இன்னும் வராத நேரத்தில் அனுப்பப்பட்டதாகப் போய்ச்சேரும்.

செய்ய வேண்டியது மண்டலத்தை மாற்றுவது: டைம்டேட்சிடிஎல் செட்-டைம்சோன் ஏசியா/கொல்கத்தா. இலங்கையில் இருந்தால் ஏசியா/கொழும்பு. இன்று இரண்டும் +5:30 தானே, எதைப் போட்டால் என்ன என்று நினைக்க வேண்டாம். 1996 முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கை நேரம் வேறாக இருந்தது. அந்தக் காலத்துப் பதிவுகளைப் படிக்கும்போது வித்தியாசம் தெரியும். சர்வரை யுடிசியிலேயே விட்டு, பார்க்கும்போது மட்டும் கட்டளைக்கு முன்னால் மண்டலத்தைக் குறிக்கும் டிஇசட் மாறியைக் கொடுப்பது இன்னும் சுத்தமான வழி. பல நாட்டு சர்வர்களின் பதிவுகளை ஒப்பிட வேண்டியவர்கள் அப்படியே செய்யுங்கள்.

அந்த டிஇசட் மாறியிலும் மூன்று பொறிகள் உண்டு. முதலாவது, இந்திய நேரம் என்று நினைத்து ஐஎஸ்டி என்று மட்டும் எழுதுவது. அந்தப் பெயரில் மண்டலக் கோப்பு இல்லை. லினக்ஸ் அதை வெறும் பெயர்ப்பட்டையாக எடுத்துக்கொண்டு, யுடிசி நேரத்துக்குப் பக்கத்தில் ஐஎஸ்டி என்று ஒட்டிக் காட்டும். இரண்டாவது, எழுத்துப்பிழை. கொல்கத்தாவில் ஒரு 'டி' கூடிப்போனாலும் பிழைச்செய்தி வராது. யுடிசி நேரமே வரும், மண்டலப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஏசியா' என்று மட்டும் நிற்கும். அந்தச் சொல்லைக் கண்டாலே எழுத்துப்பிழை என்று தெரிந்துகொள்ளலாம். மூன்றாவது, குறி. கோப்புப் பெயர் இல்லாமல் நேரடியாக எழுதும் பழைய முறையில் கூட்டலும் கழித்தலும் தலைகீழ். இந்திய நேரத்துக்கு ஐஎஸ்டி-5:30 என்று கழித்தல் போட வேண்டும். கூட்டல் போட்டால் சரியாக 11 மணி நேரம் தள்ளிப்போகும். சந்தேகமிருந்தால் டேட் +%இசட் (சின்ன எழுத்து) தட்டுங்கள். +0530 என்று வர வேண்டும்.

கணினிக்குள் கடிகாரம் இரண்டு

டேட் மாற்றுவது கர்னலின் கடிகாரத்தை. மதர்போர்டில் சிஆர்2032 பொத்தான் பேட்டரியில் ஓடும் வன்பொருள் கடிகாரம் வேறு. டேட் கட்டளை அதைத் தொடுவதே இல்லை. அதனால்தான் மாற்றிய நேரம் ரீபூட் ஆனதும் பழையபடி திரும்புகிறது. கர்னல் நேரத்தை வன்பொருளில் எழுத ஹெச்டபிள்யூகிளாக் -டபிள்யூ. இங்கே கவனம் தேவை: ஹெச்டபிள்யூகிளாக்கில் -எஸ் என்றால் வன்பொருளிலிருந்து கர்னலுக்கு. டேட்டில் -எஸ் போட்டுப் பழகிய கை இங்கேயும் அதையே போட்டால், இப்போதுதான் திருத்திய நேரத்தைப் பழைய தவறான நேரம் அழித்துவிடும்.

ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில், பை 4 வரை பலகையில் இந்தக் கடிகாரமே கிடையாது. பை 5-இல் இருக்கிறது, ஆனால் பேட்டரியைத் தனியாக இணைக்க வேண்டும். இணையம் இல்லாத இடத்தில் பை வைத்து வெப்பநிலையோ நீர்மட்டமோ பதிவு செய்பவர்கள் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும்.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்தால், மாறி மாறிப் போகும்போது நேரம் ஐந்தரை மணி விலகுவது வழக்கமான புகார். விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் யுடிசி என்று எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் கையால் திருத்துவது வீண். இரண்டில் ஒன்றை மற்றதன் வழக்கத்துக்கு மாற்றுங்கள். விண்டோஸை யுடிசிக்குக் கொண்டுவருவதே மேல்.

நெட்வொர்க் வழியாக நேரத்தை ஒத்திசைக்கும் என்டிபி ஓடும் கணினியில் டேட் -எஸ் போடுவதில் பயனில்லை. சற்று நேரத்தில் என்டிபி அதைத் தன் கணக்குக்கு இழுத்துவிடும். டைம்டேட்சிடிஎல் வழியாக மாற்ற முயன்றால் தானியங்கி ஒத்திசைவு இயங்குகிறது என்று சொல்லி மறுக்கும். அது சரியான மறுப்பு. டாக்கர் கன்டெய்னருக்குள் (ஒரே கணினியில் நிரல்களைத் தனித்தனியாக அடைத்து ஓட்டும் உறைக்குள்) மாற்ற முயன்றாலும் அனுமதி கிடைக்காது. பிரிவிலேஜ்டு (முழு அதிகார) முறையில் ஓட்டி அனுமதி வாங்கினால், கர்னல் ஒன்றே என்பதால் மாறுவது ஹோஸ்ட்டின், அதாவது கன்டெய்னரை ஓட்டும் கணினியின், நேரம். அதில் ஓடும் எல்லாக் கன்டெய்னர்களின் நேரமும்தான்.

காட்டும்போது சறுக்கும் எழுத்துகள்

நேரத்தை நாம் விரும்பும் வடிவில் காட்ட, டேட்டுக்குப் பின் + போட்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் % போட்டு எழுதுவோம். அதில் சின்ன எம் மாதம், பெரிய எம் நிமிடம். இதை மாற்றிப் போட்டால் பேக்கப் கோப்பின் பெயரில் 2025-47-05 என்று வரும். நிமிடம் 12-க்குள் இருந்தால் தவறு கண்ணில்கூடப் படாது. சின்ன டி நாள், பெரிய டி சாய்கோட்டு அமெரிக்கத் தேதி. பெரிய எஸ் விநாடி, சின்ன எஸ் 1970 முதலான மொத்த விநாடி. ஆண்டுக்குப் பெரிய ஒய் தவிர வேறெதுவும் வேண்டாம். பெரிய ஜி-யும் ஆண்டு போலவே தெரியும், ஆனால் அது வாரக் கணக்கின் ஆண்டு. 2024 டிசம்பர் 30 அன்று அது 2025 என்று காட்டும். தேதி முழுவதற்கும் பெரிய எஃப் ஒன்றே போதும், எதையும் மாற்றிப் போட வழியில்லை.

குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் க்ரானின் பட்டியலான க்ரான்டேபில் சதவீதக் குறி வரி முறிவாக எடுத்துக்கொள்ளப்படும். ஒவ்வொரு % குறிக்கு முன்னாலும் பின்சாய்கோடு போட வேண்டும். டெர்மினலில் ஓடுகிற வரி க்ரானில் ஓடாததற்கு அடிக்கடி இதுதான் காரணம். கோப்புப் பெயரில் 14:30 என்று முக்காற்புள்ளி வைத்தால், முன்னால் இருப்பதை வேறொரு கணினியின் பெயர் என்று டார் (கோப்புகளை ஒன்றாகக் கட்டி வைக்கும் கட்டளை) நினைத்துக்கொண்டு அதைத் தேடப்போகும். 14-30 என்று வையுங்கள்.

பாஷில் (டெர்மினலில் நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலில்) மாத எண்ணைக் கணக்கில் போட்டால் 08, 09 இரண்டும் எட்டடிமான (0 முதல் 7 வரை இலக்கங்கள் மட்டும் கொண்ட) எண்ணாகப் படிக்கப்பட்டுப் பிழை தரும். ஜனவரி முதல் ஜூலை வரை நன்றாக ஓடிய ஸ்கிரிப்ட் ஆகஸ்ட் 1-இல் விழும். % குறிக்கும் எம்முக்கும் நடுவே ஒரு கழித்தல் குறி போட்டால் முன் பூஜ்யம் போய்விடும்.

'ஒரு மாதம் முன்பு' என்று கேட்பதும் மாதக் கடைசியில் ஏமாற்றும். 2025 மார்ச் 31-இல் கேட்டால் பிப்ரவரி 31 என்று கணக்கிட்டு, அப்படி ஒரு நாள் இல்லாததால் மார்ச் 3-க்கு வந்து நிற்கும். போன மாதத்தின் பெயர் வேண்டுமானால் இந்த மாதம் 15ஆம் தேதியிலிருந்து ஒரு மாதத்தைக் கழியுங்கள்.

ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தால்

சர்வர் பல மணி நேரம் முன்னால் போயிருக்கிறது, தரவுத்தளத்தில் எதிர்கால நேரத்துடன் பதிவுகளும் விழுந்துவிட்டன என்றால், பதறிப்போய் உடனே பின்னால் இழுக்காதீர்கள். முதலில் தரவுத்தளத்தையும் க்ரானையும் நிறுத்துங்கள். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை தவறு என்று எழுதி வையுங்கள், பதிவுகளைத் திருத்த அது தேவைப்படும். பிறகு என்டிபியை ஓட விடுங்கள். க்ரோனி என்ற என்டிபி நிரல் தானாகச் சரிசெய்யும் என்று காத்திருந்தால் அது கடிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகர்த்தும். இயல்பான உச்ச வேகத்திலேயே ஒரு மணி நேரப் பிழை தீர 12 மணி நேரம் ஆகும். க்ரோனிசி மேக்ஸ்டெப் கொடுத்து ஒரே தாவலில் சரிசெய்யுங்கள். டேட் -யு தட்டி யுடிசியை ஒப்பிட்டு, ஹெச்டபிள்யூகிளாக் -டபிள்யூ கொடுத்து வன்பொருளிலும் எழுதி, அதன் பிறகு சேவைகளை ஒவ்வொன்றாகத் தொடங்குங்கள்.